மண்ணுக்கடியில் பாலம் விரிசல் விட்டால்: அறிகுறி பார்த்து அழுத்தம் குறைக்கும் வழிமுறை

சாலைக்காகக் கொட்டி உயர்த்திய கரைக்கு அடியில், தண்ணீர் போவதற்காகக் கிடக்கும் பெட்டிப் பாலமோ (பெட்டி வடிவக் கான்கிரீட் சிறுபாலம்) ஹியூம் பைப்போ (உருண்டைக் கான்கிரீட் குழாய்) விரிசல் விட்டதும், கான்கிரீட் சரியில்லையா, கம்பி குறைச்சலா என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். சில இடங்களில் அதுவும் உண்டு. ஆனால் நான் உள்ளே இறங்கிப் பார்த்த சிறுபாலங்களில் பெரும்பாலும் கோளாறு கான்கிரீட்டுக்கு வெளியே, பக்கத்து மண்ணில்தான் இருந்தது. அதனால் விரிசலைச் சிமெண்ட் வைத்து அடைப்பதற்கு முன்னால், அழுத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள். அதற்கான வழியைத்தான் அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன்.

முதலில் அடிப்படை. நெற்குதிர் இருந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். குதிரில் ஆளுயரத்துக்கு நெல் இருந்தாலும், அடியில் உள்ள துவாரத்தின் அடைப்பைக் கையாலேயே எடுத்துவிடலாம். நெல்லின் எடையில் ஒரு பங்கைக் குதிரின் சுவர் உராய்வால் தாங்கிக்கொள்கிறது. 1895ல் யான்சன் என்ற ஜெர்மானியப் பொறியாளர் தானியக் கிடங்குகளுக்கு இதைக் கணக்காக எழுதினார். 1913ல் அமெரிக்காவின் ஐயோவாவில் ஆன்சன் மார்ஸ்டன் இதே வகைக் கணக்கைப் புதைத்த குழாய்களுக்குக் கொண்டுவந்தார். இன்றைக்கும் நாம் போடும் பளுக் கணக்குக்கு வேர் அதுதான்.

மண்ணுக்கடியில் நடப்பது இதுதான். பாலத்துக்கு நேர் மேலே இருக்கும் மண், பக்கத்து மண்ணைவிட அதிகமாக இறங்கினால், பக்கத்து மண் அதைப் பிடித்து நிறுத்தும். பாலத்தின் மேல் பளு குறையும். மாறாக, பக்கத்து மண் அதிகமாக இறங்கினால், அது மேல் மண்ணையும் தன்னோடு கீழே இழுக்கும். பளு கூடும். கான்கிரீட் பெட்டி அமுங்காது, சரியாகக் கெட்டிப்படாத பக்க மண் அமுங்கும். பெரும்பாலான பாலங்கள் இந்த இரண்டாவது நிலையில்தான் மாட்டிக்கொள்கின்றன.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். வெளி அகலம் 2.5 மீட்டர் உள்ள பெட்டி, அதற்கு மேல் 6 மீட்டர் மண். கன மீட்டருக்கு 20 கிலோநியூட்டன் என்று வைத்தால், மண்ணின் எடை மட்டும் சதுர மீட்டருக்கு 120 கிலோநியூட்டன், அதாவது ஏறக்குறைய 12 டன். அமெரிக்காவின் ஆஷ்டோ (மாநில நெடுஞ்சாலைத் துறைகளின் சங்கம்) விதிநூல் இதை ஒரு பெருக்கல் எண்ணால் கூட்டச் சொல்கிறது. பக்க மண் நன்றாகக் கெட்டிப்பட்டிருந்தால் அந்த எண்ணுக்கு உச்சம் 1.15. கெட்டிப்படாமல் விட்டிருந்தால் 1.40. அப்படியானால் முதல் வகைக்கு 138, இரண்டாவதுக்கு 168. அதே பெட்டி, அதே உயரம், அதே மண். ரோலர் ஓடியதா இல்லையா என்பது மட்டும்தான் வித்தியாசம். அதற்கே சதுர மீட்டருக்கு 3 டன் கூடிவிடுகிறது.

உள்ளே இறங்கும் முன்

கூரைத் தளத்தில் அகலமான விரிசலோ, கம்பி தெரியும் அளவுக்குப் பெயர்ப்போ இருந்தால், முட்டுக் கொடுக்காமல் உள்ளே போகாதீர்கள். நீளமான பாலத்துக்குள் காற்றோட்டம் இல்லாத இடத்தில் தனியாக இறங்கக் கூடாது. வெளியே ஒரு ஆள் நிற்கட்டும். பாம்பு இருக்கும், குச்சியால் தட்டிக்கொண்டே போங்கள்.

கையில் வேண்டியவை: டார்ச், டேப், மட்டக் குழாய் (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் டியூப்), சாக்பீஸ், மெக்கானிக் கடையில் வைத்திருக்கும் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும், தடிமன் குறித்த மெல்லிய தகடுகள்), சின்னச் சுத்தியல், மெல்லிய கண்ணாடித் துண்டுகள் கொஞ்சம். விரிசலின் அகலத்தைக் கண்ணால் ஊகிக்காதீர்கள். ஈரமான விரிசல் எப்போதும் பெரிதாகத்தான் தெரியும். மண்ணையோ நிலத்தடி நீரையோ தொட்டுக்கொண்டிருக்கும் கான்கிரீட்டுக்கு இந்தியத் தரநூல் ஐ.எஸ். 456 விடும் எல்லை 0.2 மி.மீ. அதற்குள் இருந்தால் குறித்து வைத்துக் கவனித்தால் போதும்.

சாலை, பாலத்துக்கு மேல் மேடாகவும் இரண்டு பக்கமும் பள்ளமாகவும் இருக்கிறது

பைக்கில் போனால் 'தடக் தடக்' என்று இரண்டு முறை தூக்கிப் போடுமே, அந்த இடம். பலரும் இதைத் தார் போட்டுச் சமன் செய்யும் வேலையாகத்தான் பார்க்கிறார்கள். எனக்கு இதைவிடத் தெளிவான அறிகுறி வேறு இல்லை. பாலம் நின்ற இடத்திலேயே நிற்கிறது, பக்க மண் இறங்கிக்கொண்டிருக்கிறது என்று சாலையே சொல்கிறது. இறங்கும் மண் பாலத்தின் தலையில் பளுவை ஏற்றிக்கொண்டிருக்கிறது.

மட்டக் குழாயை எடுத்து, பாலத்தின் நடுவிலிருந்து இரு பக்கமும் 10 மீட்டர் வரை, ஒவ்வொரு மீட்டருக்கும் மட்டம் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் கழித்து அதே புள்ளிகளில் மறுபடியும் எடுங்கள். பள்ளம் கூடியிருந்தால் மண் இன்னும் இறங்குகிறது. கூடாமல் இருந்தால் பழைய கதை முடிந்துவிட்டது, சாலையைச் சமன் செய்யலாம்.

இறங்குகிறது என்றால் பள்ளத்தில் மேலே மேலே தார்க்கலவை கொட்டுவது பக்க மண்ணின் மேல் இன்னும் எடையை ஏற்றுவதுதான். அது மேலும் இறங்கும், பாலத்தின் பளு மேலும் கூடும். பள்ளப் பகுதியைத் தோண்டி, மண் ஏன் இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். நான் தோண்டிய இடங்களில் அடிக்கடி கண்டது ஒன்றுதான்: கட்டும்போது பெட்டிக்குப் பக்கத்தில் ரோலர் நுழைய இடமில்லை என்று, தோண்டிய களிமண்ணையே தள்ளி, 'தண்ணி கட்டி உட்கார வைத்திருக்கிறார்கள்'. மணல் என்றால் தண்ணீரில் ஓரளவு உட்காரும். களிமண் தண்ணீரில் உட்காராது, சேறாகி நின்று வருடக்கணக்கில் மெதுவாக இறங்கும்.

சரி செய்ய, பெட்டியின் இரு பக்கமும் சரளை அல்லது கிரஷர் துகளை 15 செ.மீ. அடுக்குகளாகப் போட்டு, பிளேட் வைப்ரேட்டராலும் ராமர் என்னும் மண் இடிக்கும் கருவியாலும் இடித்துக் கெட்டிப்படுத்த வேண்டும். ஒரு பக்கத்தை முழுக்கத் தோண்டிவிட்டு மறுபக்கத்தை அப்படியே நிறுத்தாதீர்கள். ஒரு பக்க மண் மட்டும் தள்ளினால் பெட்டியே சாயும். இரு பக்கமும் சேர்ந்து இறங்கி, சேர்ந்து ஏறி வர வேண்டும். 1.5 மீட்டருக்கு மேல் ஆழமான பள்ளத்துக்குப் பலகை அடைப்புக் கொடுக்காமல் ஆளை இறக்காதீர்கள்.

கூரையின் அடியில், நடுவில், தண்ணீர் ஓடும் திசையிலேயே விரிசல்

மேலிருந்து வரும் பளு கூடியதன் நேரடி அடையாளம் இது. சுவருக்குச் சுவர் நடுவில், பாலத்தின் நீளம் முழுவதும் ஒரே கோடாக ஓடும். கரையின் நடுப்பகுதியில் அகலமாகவும், மண் உயரம் குறையும் இரு முனைகளிலும் மெல்லியதாகவும் இருந்தால் சந்தேகமே வேண்டாம், மண் பளுதான். குறுக்கே, சுவரிலிருந்து சுவருக்கு ஓடும் விரிசல் வேறு விஷயம். அது சுருக்கத்தாலோ அடிமண் சமமில்லாமல் இறங்கியதாலோ வருவது.

ஆனால் மேலே மண் எவ்வளவு இருக்கிறது என்று அளக்காமல் முடிவுக்கு வரக் கூடாது. அரை மீட்டர், முக்கால் மீட்டர் மண் மட்டும் இருந்தால் குற்றவாளி மண் இல்லை, லாரிச் சக்கரம். சோதிப்பது எளிது. விரிசலுக்குக் குறுக்கே விரல் நுனியை வைத்துக்கொண்டு நில்லுங்கள், மேலே ஒரு லோடு டிப்பரை மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள். சக்கரம் தலைக்கு மேல் வரும் நொடியில் விரிசலின் இரு உதடுகளும் விலகி மூடுவது விரலுக்குத் தெரியும். அப்படித் தெரிந்தால் சக்கரப் பளு. எதுவும் தெரியவில்லை என்றால், மண் ஏற்கெனவே அழுத்தி வைத்திருக்கும் நிரந்தர விரிசல். சக்கரப் பளு விஷயத்தில் சில சமயம் மேலே கொஞ்சம் மண் கூட்டுவதுகூட உதவும், சக்கரத்தின் அழுத்தம் பரவிவிடும். மண் பளு என்றால் அதே வேலை கேடு. அறிகுறி ஒன்று, மருந்து நேர் எதிர். அதனால்தான் இந்தச் சோதனையை விடாதீர்கள் என்கிறேன்.

மண் பளுதான் என்று உறுதியானால், குறைக்க நான்கு வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, மேலே உள்ள மண்ணில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு எடை குறைந்த பொருளைப் போடுவது. அனல்மின் நிலையச் சாம்பல் தமிழ்நாட்டில் கைக்கெட்டும் பொருள். எண்ணூர், மேட்டூர், தூத்துக்குடிப் பக்கம் வேலை என்றால் லாரி வாடகையும் கட்டுப்படியாகும். கெட்டிப்படுத்திய ஈரச் சாம்பல் கன மீட்டருக்கு 14 கிலோநியூட்டன் என்று வைத்தால், 3 மீட்டர் மண்ணை மாற்றும்போது சதுர மீட்டருக்கு 18 கிலோநியூட்டன் இறங்கும். சாம்பல் மழையில் கரைந்து ஓடிவிடும் என்பதால் கரையின் இரு சரிவிலும் மண் போர்வை கட்டாயம். இதற்கான வழிகாட்டி இந்தியச் சாலைக் காங்கிரஸின் ஐ.ஆர்.சி. எஸ்.பி. 58ல் இருக்கிறது. தெர்மாகோல் கட்டிகள் இன்னும் இலகு. கன மீட்டருக்கு 20 கிலோதான், மண்ணின் எடையில் நூறில் ஒரு பங்கு. ஒரு மீட்டர் மண்ணை எடுத்துத் தெர்மாகோல் வைத்தாலே 20 கிலோநியூட்டன் குறைந்துவிடும். ஆனால் வெள்ள மட்டத்துக்குக் கீழே வைத்தால் மிதக்கும். பெட்ரோல், டீசல் பட்டால் கரைந்துபோகும், டேங்கர் கவிழ்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்து மேலே கனமான பாலித்தீன் விரிப்பும் கான்கிரீட் தளமும் போட வேண்டும்.

இரண்டாவது, பளு தாங்கும் தனித் தளம். பெட்டியின் கூரைக்குச் சற்று மேலே, பெட்டியைத் தொடாமல், இரு பக்கமும் உறுதியான மண்ணில் ஊன்றிய ஒரு கான்கிரீட் தளம் போடுவது. மேல் மண்ணை அது தாங்கிப் பக்கத்துக்குக் கடத்தும். பக்க மண் இளகியதாக இருந்தால் இது பிரயோசனப்படாது, தளமே இறங்கி வந்து கூரையில் உட்கார்ந்துவிடும்.

மூன்றாவது, உள்ளேயிருந்து இரும்புச் சட்டமோ கான்கிரீட் உறையோ கொடுப்பது. இது அழுத்தத்தைக் குறைக்காது, தாங்கும் சக்தியைத்தான் கூட்டும். நீர்வழி சுருங்கும் என்பதால் வெள்ளக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்த பிறகே செய்யுங்கள். நான்காவது, சாலை மேடு பள்ளம் பற்றிய தலைப்பில் சொன்ன பக்க மண் சீரமைப்பு. என் அனுபவத்தில் முதலில் கை வைக்க வேண்டியது இதில்தான். பக்கம் சரியாகாமல் மேலே எதை மாற்றினாலும் சில மழைக்காலத்துக்குப் பிறகு விரிசல் திரும்ப வாய் திறக்கும்.

ஹியூம் பைப்பின் உள்ளே உச்சியிலும் அடியிலும் கோடு

டார்ச் அடித்தால் பைப்பின் உச்சியில் ஒன்று, அடியில் ஒன்று என்று நேர்கோட்டில் இரண்டு விரிசல்கள் தெரியும். வெளிப்புறத்தில், இரு பக்கவாட்டிலும் இன்னும் இரண்டு இருக்கும், அவை மண்ணுக்குள் மறைந்திருக்கும். வட்டம் முட்டை வடிவமாக அமுங்கப் பார்க்கிறது என்று அர்த்தம்.

முதலில் பைப்பின் மேல் எழுதியிருக்கும் வகையைப் பாருங்கள். இந்தியத் தரநூல் ஐ.எஸ். 458ன்படி என்.பி. 2, என்.பி. 3, என்.பி. 4 என்று வகைகள் உண்டு, எண் கூடக் கூடப் பலம் கூடும். லாரி ஓடும் சாலைக்கு அடியில் என்.பி. 2 கிடந்தால் அதற்கு மேல் ஆராய்ச்சி வேண்டாம், பைப்பே தவறு.

வகை சரியாக இருந்தால் அடுத்த சந்தேகம், பைப்பைப் பதிக்கத் தோண்டிய பள்ளத்தின் அகலம். இதைத்தான் களத்தில் யாரும் பொருட்படுத்துவதில்லை. 900 மி.மீ. என்.பி. 3 பைப்புக்கு வெளி விட்டம் சுமார் 1.1 மீட்டர். வரைபடத்தில் பள்ளம் 1.7 மீட்டர் அகலம், மேலே 4 மீட்டர் மண் என்று வைத்துக்கொள்வோம். மார்ஸ்டன் கணக்கில், மணல் சரளை மண்ணுக்கு, மீட்டர் நீளத்துக்குச் சுமார் 85 கிலோநியூட்டன் வருகிறது. ஜேசிபிக்காரர் வசதிக்காக இரு பக்கமும் 20 செ.மீ. கூடுதலாக எடுத்துவிட்டார், பள்ளம் 2.1 மீட்டர் ஆகிவிட்டது. அதே கணக்கு 112 ஆகிறது. பைப்பும் மாறவில்லை, ஆழமும் மாறவில்லை, பளு மட்டும் மூன்றில் ஒரு பங்கு கூடிவிட்டது. குறுகிய பள்ளத்தில் பக்கச் சுவர் பிடித்துக்கொண்டிருந்த எடையை, அகலப்படுத்திய பள்ளத்தில் பைப் சுமக்கிறது. ஒரு அளவுக்கு மேல் அகலம் கூடினால் பளு அதற்கு மேல் ஏறாது. அதற்குள் பைப் விரிசல் விட்டிருக்கும்.

மூன்றாவது, படுகை, அதாவது பைப் உட்காரும் அடி. வெறும் தட்டைத் தரையில் பைப்பை வைத்தால், ஒரு கோட்டின் மேல் முழு எடையும் உட்கார்ந்திருக்கும். வளைவுக்கு ஏற்றபடி நொறுங்கல் ஜல்லியில் நன்றாகப் படுக்கவைத்தால் அதே பைப் ஒன்றரை மடங்குக்கும் மேலான பளுவைத் தாங்கும். நம் ஊர் நடைமுறையில் மேல் மண் 4 மீட்டரைத் தாண்டினால் பைப்பின் அடிப்பாகத்தை ஏந்தும்படி கான்கிரீட் தொட்டில் கட்டிவிடுவது வழக்கம், அது நல்ல வழக்கம். பைப்பின் மூட்டுக் காலர் (இரண்டு பைப் சேரும் இடத்தில் மாட்டும் வளையம்) நிற்கும் இடத்தில் குழி எடுக்காமல் வைத்தாலும் பைப் காலரின் மேல் தொங்கும், இடையில் உடையும்.

விரிசல் 0.25 மி.மீ.க்குள் இருந்து, ஓரங்களில் வெள்ளையாகச் சுண்ணாம்பு பூத்து மூடியிருந்தால் தொடாதீர்கள். அது தன்னைத் தானே அடைத்துக்கொண்டிருக்கிறது. அகலமாகி, ஒரு உதடு மேலே ஒரு உதடு கீழே என்று படி விழுந்திருந்தால், ஒன்று தோண்டி எடுத்துத் தொட்டிலில் மறுபடி வைக்க வேண்டும். இல்லையென்றால் உள்ளே சிறிய பைப்பைச் செருகி இடைவெளியில் சிமெண்ட் கூழ் ஏற்ற வேண்டும்.

பிளாஸ்டிக் அல்லது நெளி இரும்புக் குழாய் சப்பிப் போகிறது

இது வேறு ஜாதி. கான்கிரீட் பைப் தன் பலத்தில் நிற்கும், வளையும் குழாய் பக்க மண்ணின் பலத்தில் நிற்கும். மார்ஸ்டனோடு வேலை செய்த ஸ்பாங்லர் 1941ல் வெளியிட்ட கணக்கில் இதுதான் சாரம். செங்குத்து விட்டத்தையும் கிடை விட்டத்தையும் அளந்து பாருங்கள். செங்குத்து விட்டம் 5 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் பக்க மண் கைவிட்டுவிட்டது. மேல் மண்ணைக் குறைப்பது தற்காலிகம்தான். பக்கங்களைத் தோண்டி, குழாயின் இடுப்புக்குக் கீழே உள்ள முக்கோண இடுக்கில் மணல் போய்ச் சேர்ந்திருக்கிறதா பாருங்கள். அந்த இடுக்கு காலியாக இருப்பதுதான் வழக்கமான குறை.

பக்கச் சுவர் உள்ளே பிதுங்குகிறது, அல்லது நடு உயரத்தில் கிடைமட்ட விரிசல்

இதில் எப்போது வந்தது என்று கேளுங்கள், பாதி விடை கிடைத்துவிடும்.

கட்டி முடிக்கும் முன்பே வந்தது என்றால், கூரைத் தளம் போடுவதற்குள் யாரோ பக்கத்தில் மண் தள்ளிவிட்டார்கள். மேலே பிடிப்பு இல்லாத சுவர் தனியாக மண்ணைத் தாங்க வேண்டியதாகிவிட்டது. அல்லது பெரிய ரோலரைச் சுவரை ஒட்டி ஓட்டியிருக்கிறார்கள். ரோலர் போய்விடும், அது மண்ணில் பூட்டிவிட்டுப் போன பக்க அழுத்தம் போகாது. சுவரிலிருந்து ஒரு மீட்டருக்குள் ராமர் மட்டும்தான் என்று நான் பிடிவாதமாக நிற்பேன்.

மழைக்காலத்தில் வந்தது என்றால் தண்ணீர், அல்லது கரிசல்.

தண்ணீரின் வேலையைப் பாருங்கள். தரையிலிருந்து 5 மீட்டர் ஆழத்தில், ஈரமில்லாத மண் சுவரைத் தள்ளும் அழுத்தம் சதுர மீட்டருக்குச் சுமார் 50 கிலோநியூட்டன், மண்ணின் எடையில் பாதி பக்கவாட்டில் வருகிறது என்று கொண்டால். சுவருக்குப் பின்னால் தண்ணீர் தரை மட்டம் வரை நின்றால், மண் தண்ணீரில் மிதந்து அதன் பங்கு 25 ஆகக் குறையும். ஆனால் தண்ணீர் தன் பங்குக்கு ஏறக்குறைய 50ஐக் கொண்டுவரும். மொத்தம் 75. ஒன்றரை மடங்கு. வடிகால் துளை அடைத்துக்கொண்டதற்கு இவ்வளவு விலை.

கோவில்பட்டிப் பக்கம் கரிசல் காட்டில் ஒரு பெட்டிப் பாலம் பார்த்தேன். இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர், ஓடையில் தண்ணீர் வருஷத்தில் சில நாள்தான். கோடையில் போனபோது சுவரின் நடு உயரத்தில் கிடைமட்டமாக ஒரு விரிசல், தலைமுடி அளவு. ஃபீலர் கேஜின் மிக மெல்லிய தகடுகூட நுழையவில்லை. ஐப்பசி மழைக்குப் பிறகு அதே இடத்தில் 0.4 மி.மீ. தகடு தடையில்லாமல் நுழைந்தது. சுவருக்குப் பின்னால் கரையில், கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடித்திருந்த கரிசல், மழை குடித்து ஊதியிருந்தது. வடிகால் துளைகளில் பாதிக்குள் சென்ட்ரிங் போட்டபோது செருகிய சாக்குத்துணி அப்படியே இருந்தது. குச்சியால் ஒன்றைப் பிடுங்கியதும் அரை நிமிடம் கறுப்பாகத் தண்ணீர் பீய்ச்சியது. அந்த ஒரு துளை காட்டியது, சுவருக்குப் பின்னால் என்ன நின்றுகொண்டிருந்தது என்பதை.

இப்படிப்பட்ட இடத்தில் வேலை இந்த வரிசையில் நடக்க வேண்டும். அடைந்த துளைகளைத் திறந்துவிடுங்கள். போதாது என்றால் உள்ளிருந்து 100 மி.மீ. துளைகளை மீட்டருக்கு ஒன்று வீதம், மேலும் கீழும் மாற்றி மாற்றி, கம்பியைத் தவிர்த்துத் துளைத்து, தண்ணீர் பாலத்துக்குள் வடியும்படி சரிவாக, வடிகட்டித் துணி சுற்றிய பி.வி.சி. பைப்பைச் செருகுங்கள். முதலில் கலங்கலாக வரும், சில மணி நேரத்தில் தெளிய வேண்டும். தெளியாமல் மண்ணோடு வந்துகொண்டே இருந்தால் சுவருக்குப் பின்னால் பொந்து விழுந்துகொண்டிருக்கிறது. உடனே அடைத்துவிட்டு வடிகட்டியைச் சரிசெய்யுங்கள்.

அப்புறம், மழை நின்ற பிறகு, இரு பக்கமும் சமமாகத் தோண்டிச் சுவரை ஒட்டியுள்ள கரிசலை எடுத்துவிட்டு, 60 செ.மீ. அகலத்துக்கு உடைகல் வடிகட்டியும் அதற்குப் பின்னால் சரளையும் நிரப்ப வேண்டும். மேலே தண்ணீர் இறங்காதபடி ஒரு அடுக்குச் செம்மண்ணைக் கெட்டியாக இடித்து மூடுங்கள். தோண்டிய கரிசலையே திரும்பப் போட்டால் இரண்டு வருஷத்தில் அதே விரிசலை அளந்துகொண்டிருப்பீர்கள்.

பாலத்தின் நடுவில் மூட்டுகள் வாய் திறக்கின்றன, சாலையில் திடீர்க் குழி

கரையின் நடுவில் மண் உயரம் அதிகம், அங்கே அடிமண் அதிகம் இறங்கும், பாலம் நீளவாக்கில் தொட்டில்போலத் தொய்யும், மூட்டு அடியில் திறக்கும். திறந்த மூட்டு வழியாக மண் உள்ளே ஒழுகும். மேலே வெற்றிடம் உருவாகிச் சாலையில் குழி விழும். குழியை ஜல்லி போட்டு மூடுவது ஆபத்து. மூட்டை உள்ளிருந்து ரப்பர் பட்டையால் மூடி, வெற்றிடத்தை மேலிருந்து சிமெண்ட் கூழால் நிரப்பிய பிறகுதான் சாலையைத் தொட வேண்டும்.

முகப்புச் சுவரோ (பாலத்தின் வாயில் நிற்பது) இறக்கைச் சுவரோ (அதன் இரு பக்கமும் கரையைத் தாங்குவது) சாய்ந்தால் பெரும்பாலும் பின்னால் நிற்கும் தண்ணீர்தான். சுவருக்குத் தலைக்கு மேல் ஜேசிபி நிறுத்தும் பழக்கமும் ஒரு காரணம். வடிகால், உடைகல் வடிகட்டி, மேலே வண்டி நிற்காதபடி கல் நடுவது என்று மூன்றும் போதும்.

இன்னும் கட்டாத பாலம், ஆனால் மேலே உயரமான கரை வரப்போகிறது

இங்கேதான் அழுத்தத்தை உண்மையிலேயே குறைக்க வாய்ப்பு இருக்கிறது, கட்டிய பிறகு கிடைப்பதைவிடப் பல மடங்கு. பாலத்துக்கு மேல் உள்ள மண்ணை வேண்டுமென்றே பக்கத்து மண்ணைவிட அதிகம் இறங்க வைப்பதுதான் யுக்தி. மார்ஸ்டன் காலத்திலேயே குழாய்க்கு மேல் நன்றாகக் கெட்டிப்படுத்தி, அதில் ஒரு பள்ளம் எடுத்து, வைக்கோல், இலை தழை போட்டு மூடினார்கள். வைக்கோல் அமுங்கும், மேல் மண் இறங்கும், பக்க மண் அதைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் வைக்கோல் மக்கும், ஒரே அளவாக அமுங்காது.

நார்வேயின் சாலைத் துறை 1980களின் இறுதியில் வைக்கோலுக்குப் பதில் தெர்மாகோல் வைத்து முழு அளவுப் பாலங்களில் அழுத்தமானி பதித்துச் சோதித்தது. பாறைக்கல் நிரப்பில் கூரை மேல் அழுத்தம் மண் எடையின் கால் பங்கு அளவுக்கும், வண்டல் களியில் ஏறக்குறைய பாதிக்கும் இறங்கியது.

செய்முறை: பெட்டியின் இரு பக்கமும் கூரை மட்டம் வரை மிக நன்றாகக் கெட்டிப்படுத்துங்கள். கூரையின் மேல் மெல்லிய மணல் சமன் அடுக்கு. அதன் மேல் பெட்டியின் வெளி அகலத்துக்குத் தெர்மாகோல் கட்டிகளை இடைவெளியில்லாமல் அடுக்குங்கள். நார்வே சோதனையில் அரை மீட்டர் தடிமன் வைத்தார்கள், உங்கள் மண்ணுக்கு எவ்வளவு என்பதை மண் பொறியாளர் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும். முதல் சில அடுக்கு மண்ணைக் கைரோலரால் மட்டும்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தவிர்க்க வேண்டும். முன்னே சொன்ன தெர்மாகோல், எடை குறைக்க மண்ணுக்குப் பதிலாக வைப்பது. அது அமுங்கக் கூடாது. இங்கே வைப்பது அமுங்குவதற்காகவே. அடர்த்தி குறைந்த, மெத்தென்ற வகை வேண்டும்.

இரண்டு எச்சரிக்கை. மேலே மண் உயரம் போதாவிட்டால் அந்த இறக்கம் சாலை வரை தெரியும், பாலத்துக்கு நேர் மேலே பள்ளம் விழும். உயரமான கரைக்கு மட்டும்தான் இந்த முறை. இன்னொன்று, கூரையிலிருந்து குறைந்த எடை காணாமல் போவதில்லை. பக்க மண்ணுக்குப் போய், அங்கிருந்து சுவரை உராய்ந்து கீழே இழுத்து, அடித்தளத்துக்கு ஒரு பங்கு திரும்ப வரும். கூரையில் மிச்சமான கம்பியைக் குறைத்துவிட்டு அடித்தளத்தையும் சுவரையும் பழைய கணக்கில் விட்டால், விரிசல் இடம் மாறும், அவ்வளவுதான்.

வேலை முடிந்த பிறகு

விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டைச் சிமெண்ட் பசையால் இரு முனையிலும் ஒட்டி, பக்கத்தில் தேதி எழுதுங்கள். விரிசல் அசைந்தால் கண்ணாடி உடையும். மேலே மட்டப் புள்ளிகளையும் மழைக்கு முன்னும் பின்னும் எடுங்கள்.

அந்தக் கரிசல் பாலத்தில் பதினான்கு கண்ணாடி ஒட்டினோம். அடுத்த கார்த்திகை முடிந்து போய்ப் பார்த்தபோது பதின்மூன்று அப்படியே இருந்தன. உடைந்த ஒன்று வடக்கு முனையில், இறக்கைச் சுவர் பெட்டியோடு சேரும் இடத்தில். அங்கே தோண்டிப் பார்த்தோம். வடிகட்டிக் கல் அந்த மூலை வரை போய்ச் சேரவில்லை, ஒன்றரை மீட்டர் நீளத்துக்குப் பழைய கரிசலே நின்றது. மறுநாளே அதையும் எடுத்துக் கல் நிரப்பி, புதுக் கண்ணாடி ஒட்டி, தேதி எழுதிவிட்டு வந்தோம்.